உடல் பருமன்: குற்றம் வாயிலா, வாழும் முறையிலா?

வீட்டில் எங்கோ ஒரு மூலையில் பழைய திருமணப் படம் ஒன்று இருக்கும். எடுத்துத் தூசு தட்டிப் பாருங்கள். 1970-களில் தோட்டத்துக் கோயிலில் நடந்த திருமணமாக இருக்கலாம். மாப்பிள்ளையின் கோட்டு தோளில் தொங்கும். பெண்ணின் வளையல்கள் முழங்கை வரை ஏறி இறங்கும். பின்வரிசையில் நிற்கும் மாமன், சித்தப்பா, அத்தை என யாருக்கும் தொப்பை இருக்காது. இப்போது அதே குடும்பம் சென்ற ஆண்டு மண்டபத்தில் எடுத்துக்கொண்ட திருமணப் படத்தை அதன் பக்கத்தில் வையுங்கள். வித்தியாசத்தை யாரும் விளக்கத் தேவையில்லை.

அதே குடும்பம், அதே இரத்தம். இரண்டே தலைமுறையில் உடம்பு இவ்வளவு மாறியது எப்படி? நவீன காலத்தில் உடல் பருமன் பெருகியதற்குக் காரணம் நம் வாயா, அல்லது நாம் வாழும் முறையா? இந்தக் கேள்விக்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிட முடியாது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எண்கள் சொல்லும் கதை

முதலில் அளவுகோலைத் தெரிந்துகொள்வோம். ஒருவரின் எடையைக் கிலோவில் எடுத்து, அதை அவருடைய உயரத்தின் வர்க்கத்தால் (உயரம் மீட்டரில்) வகுத்தால் வருவது உடல் நிறைக் குறியீடு. 1.60 மீட்டர் உயரமுள்ள ஒருவர் 64 கிலோ இருந்தால் குறியீடு 25. இந்த 25-ஐ எட்டினால் எடை அதிகம் என்றும், 30-ஐ எட்டினால் உடல் பருமன் என்றும் உலகச் சுகாதார நிறுவனம் வகுத்துள்ளது.

மலேசியச் சுகாதார அமைச்சு சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நாடு தழுவிய சுகாதார ஆய்வு நடத்துகிறது. 1996-ல் பெரியவர்களில் 4.4 விழுக்காட்டினர் மட்டுமே உடல் பருமன் உள்ளவர்கள். 2006-ல் அது 14 விழுக்காடு. 2019-ல் 19.7 விழுக்காடு. 2023-ல் 21.8 விழுக்காடு. எடை அதிகம் உள்ளவர்களையும் சேர்த்தால் 2023-ல் 54.4 விழுக்காடு. அதாவது, நாட்டில் பெரியவர்களில் பாதிப் பேருக்கு மேல்.

இந்தியச் சமூகத்தின் நிலை இன்னும் கவலைக்குரியது. 2019 ஆய்வில் எல்லா இனத்தாரையும் விட இந்தியர்களிடையேதான் எடை அதிகம் உள்ளவர்கள் மிகுதியாக இருந்தனர்: 63.9 விழுக்காடு. அதே ஆய்வில் நாட்டின் மொத்த நீரிழிவு விகிதம் 18.3 விழுக்காடாக இருக்க, இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. கல்யாண விருந்தில் ஒரு மேசையில் பத்துப் பேர் உட்கார்ந்தால், ஆறு பேருக்கு எடை அதிகம், மூவருக்கு இனிப்பு நீர். அந்த மூவரில் சிலர் பிற்காலத்தில் டயாலிசிஸ் நாற்காலியில் உட்கார நேரிடும். எனவே இதை அழகு சம்பந்தப்பட்ட விஷயம் என்று ஒதுக்கிவிட முடியாது.

‘சோம்பேறித்தனம்’ என்ற தீர்ப்பு

குண்டாக இருப்பவரைப் பார்த்தால் ஊர் சொல்லும் தீர்ப்பு ஒன்றுதான்: “வாயைக் கட்டவில்லை, உடம்பை வளைக்கவில்லை.” இதில் ஓரளவு உண்மை உண்டு. உண்ணும் சக்தி செலவாகும் சக்தியை விட அதிகமானால் மிச்சம் கொழுப்பாகச் சேரும். இதை எந்த விஞ்ஞானமும் மறுக்கவில்லை.

ஆனால் இந்தத் தீர்ப்பு ஒரு கேள்விக்குப் பதில் சொல்லாது. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 1990-க்கும் 2022-க்கும் இடையே உலகில் பெரியவர்களின் உடல் பருமன் விகிதம் இரு மடங்குக்கு மேல் உயர்ந்தது. பிள்ளைகள், இளையோரிடையே அது நான்கு மடங்கானது. 2022-ல் நூறு கோடிக்கும் அதிகமானோர் உடல் பருமனுடன் வாழ்ந்தனர். மெக்சிகோவிலும் மலேசியாவிலும் எகிப்திலும் மனிதர்கள் ஒரே சமயத்தில் சோம்பேறிகளாகிவிட்டார்களா? முப்பது ஆண்டுகளில் மனிதனின் குணம் இப்படி மாறாது. மரபணுவும் மாறாது. மாறியது அவனைச் சுற்றியிருந்த உலகம்தான். அந்த மாற்றங்களில் முக்கியமானவை நான்கு.

முதல் மாற்றம்: உழைப்பு உடலை விட்டுப் போனது

பால்மரம் வெட்டிய தாத்தாவின் ஒரு நாளை நினைத்துப் பாருங்கள். விடியுமுன்னே பெரட்டு. பிறகு மரத்துக்கு மரம் நடை, குனிந்து நிமிர்ந்து நூற்றுக்கணக்கான வெட்டுகள். பால் வடிந்ததும் மறுபடியும் அதே மரங்களைச் சுற்றிப் பால் சேகரிப்பு. தோளில் காண்டாக் கம்பு, அதன் இருபுறமும் பால் வாளி, ஸ்டோர் வரைக்கும் மேடும் பள்ளமும். வீட்டுக்கு வந்தால் பாட்டிக்கு விறகு உடைக்க வேண்டும், ஆட்டுக்குத் தழை ஒடிக்க வேண்டும். பாட்டியும் சும்மா இல்லை. அவரும் மரம் வெட்டிவிட்டு வந்து, அம்மியில் அரைத்து, பொதுக்குழாயில் தண்ணீர் பிடித்தார்.

“அந்தக் காலத்தில் தட்டு நிறையச் சோறு சாப்பிட்டார்கள். அவர்கள் குண்டாகவில்லையே?” என்று கேட்பவர்கள் பலர். பதில் இங்கேதான் இருக்கிறது. அந்தத் தட்டுச் சோறு மத்தியானத்துக்குள் செலவாகிவிட்டது. அந்தச் சோற்றுக்குத் துணை ரசமும் கருவாடும் கீரையும்தான். கோழிக்கறி தீபாவளிக்கும் திருவிழாவுக்கும் வந்த விருந்தாளி.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் நகரத்துக்கு வந்தனர். லயன் வீட்டுக்குப் பதில் அடுக்குமாடி, ஏறி இறங்க மின்தூக்கி. 1985-ல் புரோட்டோன் சாகா சாலைக்கு வந்தபின் கார் நடுத்தரக் குடும்பத்துக்கும் எட்டியது. மோட்டார் சைக்கிள் அதற்கு முன்பே வீட்டுக்கு வீடு வந்துவிட்டது. முந்நூறு மீட்டர் தூரத்துக் கடைக்கும் வண்டி, பள்ளிக்கும் வண்டி. வேலையோ நாற்காலியில்: லோரி ஓட்டுநர் இருக்கை, காவலாளி இருக்கை, கணினி முன் இருக்கை. 2023 ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 29.9 விழுக்காட்டினர் போதிய உடலுழைப்பு இல்லாதவர்கள் எனத் தெரியவந்தது.

நாற்காலி வேலையின் தீமையை உலகுக்கு முதலில் காட்டியவர்களில் ஒருவர் பிரிட்டிஷ் மருத்துவர் ஜெரி மோரிஸ். லண்டன் மாடிப் பேருந்துகளில் ஓட்டுநர் நாள் முழுதும் உட்கார்ந்திருப்பார், நடத்துநர் படியேறி இறங்கிக்கொண்டே இருப்பார். ஒரே நிறுவனம், ஒரே பேருந்து. ஆனால் நடத்துநர்களை விட ஓட்டுநர்களுக்கே இதய நோய் அதிகம் வந்தது என்பதை அவர் 1953-ல் வெளியிட்டார். நம் சமூகத்தில் எத்தனை பேர் அந்த ஓட்டுநர் இருக்கையில் இருக்கிறார்கள் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இரண்டாம் மாற்றம்: உணவு மலிந்தது, தன்மை மாறியது

உழைப்பு குறைந்த அதே காலத்தில் உணவு பெருகியது. ஏ அண்ட் டபிள்யூ 1963-லும், கேஎஃப்சி 1973-லும், மெக்டோனல்ட்ஸ் 1982-லும் மலேசியாவில் கடை திறந்தன. பழியை அவற்றின் மேல் மட்டும் போடுவது நியாயமாகாது. இருபத்து நான்கு மணி நேரமும் திறந்திருக்கும் உணவகமும், பெட்ரோல் நிலையத்து அலமாரியும், கைப்பேசியில் ஒரு தட்டுத் தட்டினால் வாசலுக்கு வரும் பொட்டலமும் இதில் பங்காளிகளே. முன்பு பசித்தால் சமைக்க வேண்டும். சமைக்கும் அலுப்பே ஒரு தடையாக இருந்தது. அந்தத் தடை இப்போது இல்லை.

உணவின் அளவு கூடியது ஒரு பக்கம். அதன் தன்மை மாறியது இன்னொரு பக்கம். ஆலைகளில் பலமுறை பதப்படுத்தி, சர்க்கரை, உப்பு, எண்ணெய், மணம், நிறம் எல்லாம் சேர்த்துப் பொட்டலமாக வரும் உணவு உடலின் ‘போதும்’ என்ற உணர்வை ஏமாற்றுகிறது. இது வெறும் ஊகமல்ல. அமெரிக்கத் தேசியச் சுகாதாரக் கழகத்தின் ஆய்வாளர் கெவின் ஹால், 2019-ல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார். இருபது பேரை ஆய்வு மனையிலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலை உணவும், இரண்டு வாரம் இயல்பான உணவும் கொடுத்தார்கள். இரு உணவிலும் சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து ஆகியவை ஒரே அளவில் பரிமாறப்பட்டன. வேண்டிய அளவு சாப்பிடலாம் என்று சொல்லப்பட்டது. ஆலை உணவு வாரங்களில் அவர்கள் தங்களை அறியாமலேயே நாளுக்குச் சுமார் 500 கலோரி அதிகம் சாப்பிட்டார்கள். இரண்டு வாரத்தில் ஏறத்தாழ ஒரு கிலோ எடை கூடியது. மற்ற இரண்டு வாரத்தில் அதே அளவு குறைந்தது.

அதே மனிதர்கள், அதே மன உறுதி. தட்டில் இருந்தது மட்டும்தான் வேறு.

குடிக்கும் இனிப்பு

நம் நாட்டில் தட்டை விடக் கவனிக்க வேண்டியது குவளை. திரவமாக உள்ளே போகும் சர்க்கரையை வயிறு சரியாகக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. குடித்த பிறகும் அதே அளவு சோறு இறங்கும். நூறு மில்லிலிட்டருக்கு 10 கிராம் சர்க்கரை உள்ள டின் பானம் ஒன்றில், 320 மில்லிலிட்டருக்கு 32 கிராம் சர்க்கரை இருக்கும். பெரியவர் ஒருவர் நாளொன்றுக்குச் சேர்க்கப்பட்ட சர்க்கரையைச் சுமார் 50 கிராமுக்குள்ளும், முடிந்தால் 25 கிராமுக்குள்ளும் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஒரே டின்னில் அந்த 25 முடிந்து மேலும் போய்விட்டது.

தே தாரேக்கில் ஊற்றும் டின் பாலின் எடையில் ஏறத்தாழ பாதி சர்க்கரைதான். காலையில் ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, வேலை முடிந்து நண்பர்களோடு ஒன்று என்றால், அது தேநீர் என்ற பெயரில் உண்ணப்படும் இன்னொரு வேளைச் சாப்பாடு.

இதைக் கருதியே மலேசிய அரசாங்கம் 2019 ஜூலை 1 முதல், நூறு மில்லிலிட்டருக்கு 5 கிராமுக்கு மேல் சர்க்கரை உள்ள பானங்களுக்கு லிட்டருக்கு 40 சென் வரி விதித்தது. 2024-ல் அது 50 சென்னாக உயர்ந்தது, 2025-ல் மேலும் உயர்த்தப்பட்டது. சிங்கப்பூர் வேறு வழியில் சென்றது. 2022 டிசம்பர் 30 முதல் பானங்களுக்கு ஏ, பி, சி, டி எனத் தரக் குறியீடு வந்தது. சி, டி தரத்துப் பானங்கள் அதைப் பொட்டலத்தில் காட்டியே ஆக வேண்டும். ஓராண்டு கழித்துக் கடையில் கலக்கித் தரும் பானங்களுக்கும் அது விரிவாக்கப்பட்டது.

மூன்றாம் மாற்றம்: தூக்கமும் நேரமும் சுருங்கின

எடைக்கும் தூக்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் இரத்தத்தில் இருக்கிறது. கொழுப்புத் திசுவில் சுரக்கும் லெப்டின், ‘இருப்பு போதும்’ என்று மூளைக்குச் சொல்லும். இதை 1994-ல் கண்டறிந்தது ஜெஃப்ரி ஃப்ரீட்மனின் குழு. வயிற்றில் சுரக்கும் கிரெலின், ‘பசிக்கிறது’ என்று சொல்லும். 2004-ல் வெளிவந்த ஆய்வில், ஆரோக்கியமான இளைஞர்களை இரண்டு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டும் தூங்கவிட்டார்கள். லெப்டின் 18 விழுக்காடு குறைந்தது, கிரெலின் 28 விழுக்காடு கூடியது. பசியும் கூடியது, அதிலும் இனிப்பு, உப்புத் தின்பண்டங்கள் மேல்தான் ஆசை அதிகம்.

இதைத் தொழிற்சாலை இரவு வேலைக்காரர், இரவுக் காவலாளி, இரண்டு வேலை பார்க்கும் தாய் ஆகியோருடன் பொருத்திப் பாருங்கள். தூங்காத உடம்பு கேட்கிறது, நடு இரவில் கிடைப்பது பொரித்த உணவும் இனிப்புப் பானமும். அவர்களிடம் போய் “மாலையில் ஒரு மணி நேரம் ஓடுங்கள், காய்கறி சமைத்துச் சாப்பிடுங்கள்” என்று சொல்வது எளிது. காய்கறிக்குக் காசு வேண்டும், சமைக்க நேரம் வேண்டும், ஓடப் பாதுகாப்பான நடைபாதை வேண்டும். ஒரு காலத்தில் பருமன் பணக்காரரின் அடையாளம். இன்று உடனடி மீயும் வெள்ளைச் சோறும் பொரியலும் மலிவாக வயிற்றை நிரப்புகின்றன. ஆகவே வறுமையும் பருமனும் ஒரே வீட்டில் குடியிருக்கின்றன.

நான்காவது: நம் உடல்வாகு

இது மாற்றம் அல்ல, பழையது. ஆனால் புதிய உலகத்தோடு மோதுகிறது.

புனே நகர மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் அவருடைய பிரிட்டிஷ் நண்பர் ஜான் யட்கினும் 2004-ல் தங்கள் உடலையே சான்றாக வைத்து ஒரு படம் வெளியிட்டார்கள். இருவருக்கும் உடல் நிறைக் குறியீடு 22.3. பார்வைக்கு இருவருமே ஒல்லி. ஆனால் யட்கின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு. யாஜ்னிக் உடலில் 21.2 விழுக்காடு. சிங்கப்பூரில் நடந்த ஆய்வுகளும், ஒரே குறியீடு உள்ள ஐரோப்பியர்களை விடச் சீனர், மலாய்க்காரர், இந்தியர் உடலில் கொழுப்பு அதிகம் என்று காட்டின.

இந்தியர்களுக்குத் தசை குறைவு, கொழுப்பு வயிற்றைச் சுற்றிச் சேரும். “ஒல்லியாக இருப்பவருக்கும் இனிப்பு நீர் வருகிறதே” என்ற கேள்விக்கு இதுவே பதில். அதனால் ஆசியர்களுக்கு 23-லேயே எச்சரிக்கை தேவை என்று 2004-ல் உலகச் சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு கூறியது. 1.60 மீட்டர் உயரமுள்ளவருக்கு அது 59 கிலோ. எடைத் தட்டை விட அளவு நாடா இன்னும் நேர்மையானது: இடுப்பளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும், பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டக்கூடாது.

“அப்படியானால் எல்லாம் பரம்பரை, நாம் என்ன செய்ய முடியும்?” என்று கையை விரிக்கக்கூடாது. திருமணப் படத்தில் இருந்த தாத்தாவுக்கும் இதே உடல்வாகுதான். அவர் வாழ்ந்த முறை அவரைக் காத்தது.

பிள்ளைகள் மேல் விழும் பழி

2019 ஆய்வில் 5 முதல் 17 வயது வரையிலான மலேசியப் பிள்ளைகளில் 29.8 விழுக்காட்டினருக்கு எடை அதிகம் அல்லது உடல் பருமன் இருந்தது. கைக்குழந்தையாக இருக்கும்போது “கொழுகொழுவென்று இருக்கிறான், கண் பட்டுவிடும்” என்று திருஷ்டி கழிக்கிறோம். அழுதால் பிஸ்கட், அடம்பிடித்தால் இனிப்புப் பானம், நல்ல மதிப்பெண் எடுத்தால் பொரித்த கோழி. பத்து வயதானதும் அதே பிள்ளையை உறவினர் முன்னால் “குண்டு” என்று கூப்பிடுகிறோம்.

அவமானம் எடையைக் குறைப்பதில்லை. கேலிக்கு ஆளான பிள்ளை திடலுக்குப் போகாமல் அறைக்குள் ஒடுங்கும், ஆறுதலுக்கு மறுபடியும் தின்பண்டத்தைத் தேடும். பிள்ளை சம்பாதிப்பதில்லை, கடைக்குப் போய் மளிகை வாங்குவதில்லை. வீட்டு அலமாரியில் என்ன இருக்கிறது என்பதைத் தீர்மானிப்பவர்கள் பெரியவர்கள். திருத்தமும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

பசி ஒரு குணக்கேடு அல்ல என்பதற்கு அண்மைக் காலத்தில் இன்னொரு சான்றும் கிடைத்தது. குடலில் சுரக்கும் நிறைவுச் சுரப்பியைப் போலச் செயல்படும் செமாகுளுடைட் என்ற ஊசி மருந்தை எடுத்துக்கொண்டவர்கள், 68 வாரங்களில் சராசரியாக 14.9 விழுக்காடு எடை குறைந்ததாக 2021-ல் ஓர் ஆய்வு காட்டியது. அவர்களுக்கு அறிவுரை புதிதாக எதுவும் உறைத்துவிடவில்லை. பசியின் குரல் தணிந்தது, அவ்வளவுதான். இந்த மருந்துகள் விலை கூடியவை, பக்க விளைவும் உண்டு. மருத்துவர் சொல்லாமல் யாரும் வாங்கிப் போட்டுக்கொள்ளக்கூடாது.

இனி என்ன செய்யலாம்?

ஒன்று, குவளையில் தொடங்குங்கள். கடையில் உட்கார்ந்ததும் ‘தே ஓ கோசோங்’ சொல்லப் பழகலாம். முடியாவிட்டால் ‘குராங் மானிஸ்’. நாக்கு நாளடைவில் பழகிவிடும்.

இரண்டு, தட்டைப் பிரியுங்கள். சுகாதார அமைச்சு சொல்லும் ‘சுக்கு சுக்கு செப்பாரோ’ நினைவில் நிற்பது எளிது: கால் தட்டு சோறு, கால் தட்டு மீன், கோழி அல்லது பருப்பு, அரைத் தட்டு காய்கறியும் பழமும். நம் வீடுகளில் சோறு அரைத் தட்டையும் தாண்டுகிறது, காய்கறி ஓரத்தில் ஒதுங்குகிறது. இதைத் திருப்பிப் போட்டாலே போதும்.

மூன்று, நடங்கள். வாரத்துக்கு 150 நிமிடம். ஆனால் கணக்கில் ஏமாறக்கூடாது. ஒரு ரொட்டி சானாய் ஏறத்தாழ 300 கலோரி. அதைச் செலவழிக்கச் சுமார் ஒரு மணி நேரம் விறுவிறுப்பாக நடக்க வேண்டும். “நடந்தேன், அதனால் இரண்டு ரொட்டி” என்றால் எடை குறையாது. நடை இதயத்துக்கும் சர்க்கரைக் கட்டுப்பாட்டுக்கும் நல்லது. எடைக்குத் தட்டிலும் மாற்றம் வேண்டும்.

நான்கு, தூங்குங்கள். கைப்பேசியை அடுத்த அறையில் வைத்துவிட்டுத் தூங்குங்கள்.

ஐந்து, பொதுவில் கேளுங்கள். நிழலுள்ள நடைபாதை, பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் நல்ல உணவு, மண்டபத்து விருந்தில் இனிப்புப் பானத்தோடு வெறும் தண்ணீர். இவை தனி மனிதரின் மன உறுதியால் வருவதில்லை. பெற்றோர் ஆசிரியர் சங்கமும், கோயில் நிர்வாகமும், ஊர் மன்றமும் நினைத்தால் வரும்.

“இருபது கிலோ குறைக்க என்னால் முடியாது” என்று மலைப்பவர்களுக்குச் சென்னையிலிருந்து ஒரு நல்ல செய்தி உண்டு. மருத்துவர் ஏ. இராமச்சந்திரன் குழுவினர், நீரிழிவின் விளிம்பில் இருந்த 531 பேரிடம் நடத்திய ஆய்வை 2006-ல் வெளியிட்டார்கள். உணவிலும் நடையிலும் மிதமான மாற்றம் செய்தவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு 28.5 விழுக்காடு குறைந்தது. குறிப்பிடத்தக்க செய்தி என்னவென்றால், அவர்கள் எடை பெரிதாகக் குறையவே இல்லை. தராசு முள் நகராவிட்டாலும் உடம்பு உள்ளே நன்றி சொல்லும்.

குற்றம் வாயிலா, வாழும் முறையிலா என்ற கேள்விக்குத் தீர்ப்பு இதுதான்: சூழல் நம்மை இந்த இடத்துக்குக் கொண்டுவந்தது, ஆனால் சூழல் மாறும்வரை காத்திருக்க நம் சிறுநீரகத்துக்குப் பொறுமை இல்லை. பழியை விட்டுவிட்டு, இன்றிரவு வீட்டில் ஓர் அளவு நாடாவை எடுங்கள். அப்பா, அம்மா, பிள்ளைகள் எல்லாரும் இடுப்பை அளந்து, நாட்காட்டியில் எழுதி வையுங்கள். மூன்று மாதம் கழித்து மறுபடியும் அளந்து பாருங்கள்.